உடம்பு தேறி, நின்னுபோன வண்டியை மறுபடி எடுத்தவங்க அனுபவம் எழுதுங்க

தண்டையார்பேட்டை புல்லட்:

எட்டு மாசமா உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன்.

வண்டி 1991 மாடல் புல்லட் 350. வலது பக்கம் கியர், பிளக்குக்குப் பொறி குடுக்கற பழைய பாயிண்ட் செட். நம்ம திருவொற்றியூர் ஃபேக்டரியில செஞ்சது, எங்கப்பா வாங்கினது. 2022ல எனக்கு ஜி.பி.எஸ். வந்துச்சு, நரம்பைத் தாக்கி கை காலை முடக்கற கில்லன்-பாரே நோய். காலையில பாதம் மரத்த மாதிரி இருந்தது, மறுநாள் ராத்திரி கட்டில்ல இருந்து எழுந்திருக்க முடியல. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில 5 நாள் ஐ.வி.ஐ.ஜி. மருந்து ஏத்தினாங்க. அப்புறம் பிசியோதெரபி, வாக்கர், கைத்தடி. அதையெல்லாம் விட்டுடறேன். வண்டி மாடிப்படிக்கு அடியில ரெண்டரை வருஷம் நின்னுச்சு, பழைய பெட்ஷீட் போர்த்தி.

எல்லாம் திரும்பிடுச்சு, வலது பாதம் மட்டும் பாக்கி. நடக்கறேன், ஆனா பாதத்தோட முன்பக்கத்தை மேல தூக்க முடியல. வலது கியர் ஓட்டினவங்களுக்கு இதோட கஷ்டம் புரியும். ஃபர்ஸ்ட் கியர் மேல, மத்த மூணும் கீழ. கட்டைவிரலால தூக்கினாத்தான் ஃபர்ஸ்ட் விழும். கிக்கரும் அதே கால்தான்.

தெருமுனை மேஸ்திரி நாலு நாள்ல வண்டியைத் தயார் பண்ணிட்டார். "ஃபர்ஸ்ட்ட மறந்துடுங்க சார். நியூட்ரல்ல இருந்து கீழ ஒரு மிதி, செகண்ட்லயே எடுங்க. புல்லட்டு இழுக்கும்"னார். அவர்கிட்ட ஒரு பையன் வேலை செஞ்சான், பத்தொன்பது இருபது வயசு இருக்கும். அவன்தான் கிக் அடிச்சான். ஆம்ப் மீட்டர் முள்ளு நடுவுல வர்ற வரைக்கும் மெதுவா மிதிச்சு, எஞ்சின் அழுத்தத்தை விடற டீகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சு, துளி தள்ளி விட்டு, ஒரே அடி. எங்கப்பா அடிக்கற மாதிரியே. அந்தச் சத்தம் கேட்டு மாடியில இருந்து என் பொண்ணு எட்டிப் பார்த்தா.

நான் ஏறி உட்கார்ந்து செகண்ட்ல எடுத்தேன். வண்டி போச்சு. எங்க தெரு நீளம், நேரா போய் டி.எச். ரோட்ல முட்டும். பாதி தூரம் போனதும், ரெண்டரை வருஷம் கழிச்சு நானே ஓட்டறேன்னு ஒரு சந்தோஷம், சொல்லத் தெரியல. முனையில ஒரு மீன்பாடி வண்டி குறுக்கே வந்துச்சு. பிரேக் பிடிச்சேன். வலது காலை ஊணினேன், அது மடங்குச்சு. நூத்தி அறுபது கிலோவுக்கு மேல இருக்கற வண்டி என் மேல சாஞ்சிருக்கணும். சாயல.

திரும்பிப் பார்த்தா அந்தப் பையன் பின்னாடி கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். கிளம்பின இடத்துல இருந்து கூடவே ஓடி வந்திருக்கான். மூச்சு வாங்குது. ஒரு கால்ல செருப்பு இல்ல.

எனக்கு அவமானமா போச்சு. "நான் என்ன சைக்கிள் பழகற குழந்தையா? எடுறா கையை"ன்னு தெருவே கேக்கற மாதிரி கத்திட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல. கையை எடுத்துட்டு, திரும்பி நடந்து, நடுத்தெருவுல கிடந்த செருப்பைக் கால்ல மாட்டிக்கிட்டு கடைக்குப் போயிட்டான். மறுவாரம் பணம் குடுக்கப் போனேன். அவன் வேலையை விட்டுப் போயிட்டான்னாங்க.

அந்தச் செருப்பை மாட்டிக்கிட்டு நடந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

ஓட்டேரி ஸ்பிளெண்டர்:

எனக்கு டி.பி. சாதாரண ஆறு மாச மருந்துக்கு அடங்காத ரகம். பதினெட்டு மாசம் மாத்திரை. வீட்ல சின்னக் குழந்தைங்க இருந்ததால ஆரம்பத்துல தனியா ஒரு ரூம் எடுத்துத் தங்கினேன். ஸ்பிளெண்டர் வீட்டு வாசல்லயே நின்னுச்சு.

திரும்பி வந்து கவரை எடுத்தேன். ஹேண்டில்பார்ல பசங்க ஸ்கூல் பை தொங்குது. சீட்டு மேல ஊறுகாய் ஜாடி. ஏர் ஃபில்டர்ல எலி கூடு கட்டியிருந்தது, சைடு டப்பாவுல வச்சிருந்த இன்சூரன்ஸ் பேப்பரைத்தான் நூல் நூலா கிழிச்சு மெத்தை போட்டிருந்தது. டேங்க் மூடியைத் திறந்தா பெட்ரோல் வாசனையே இல்ல, வார்னிஷ் நெடி.

கார்ப்பரேட்டரைக் கழட்டிக்கிட்டு இருந்தப்ப பழைய இரும்புக்காரர் ஒருத்தர் வாசல்ல வந்து நின்னார். "இன்னாண்ணா, வண்டி நம்மளுது ஆச்சே. அண்ணி போன வருஷமே ஐந்நூறு அட்வான்ஸ் வாங்கினாங்க"ன்னார். உள்ள என் வீட்டுக்காரி நிக்கறா. முகத்தைப் பார்த்தேன், தரையைப் பார்த்துக்கிட்டு இருக்கா. அந்த வருஷம் அரசாங்கம் சத்துணவுக்குக் குடுத்ததும் மாசம் 500தான். அது பத்தாத மாசத்துல முட்டைக்கும் பாலுக்கும் எங்க இருந்து வந்துச்சுன்னு நான் கேட்டதே இல்ல.

நான் அந்த 500ஐ எடுத்துக் குடுத்தேன். அவர் வாங்கிக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னார். "அந்த ஹெட்லைட்டு டூமை என் வண்டிக்கு மாட்டலாம்னு இருந்தேன்"னு சொல்லிட்டுப் போனார்.

வீட்டுக்காரிகிட்ட நான் இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்திப் பேசல. அவளும் பேசல. வண்டி ஓடுது.

வியாசை பழைய ஆளு:

தண்டையார்பேட்டை தம்பிக்கு. உங்க மேஸ்திரி சொன்னது தப்பு. செகண்ட் கியர்ல எடுக்கலாம், வண்டி போகும், நான் இல்லேங்கல. ஆனா ஒவ்வொரு தடவையும் கிளட்சைப் பாதியில பிடிச்சு இழுக்கணும். பழைய புல்லட் கிளட்ச் பிளேட்டு அதைத் தாங்காது. ஒரு வருஷத்துல வழுக்க ஆரம்பிக்கும், அன்னிக்கு மேம்பாலத்து ஏத்தத்துல நடுவழியில நிப்பீங்க.

எனக்கு 2019ல பைபாஸ் ஆச்சு. நெஞ்செலும்பு சேர மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் கனமா எதையும் இழுக்கவோ தள்ளவோ கூடாதுன்னு டாக்டர் சொன்னார். நான் ஒரு வருஷம் வண்டியைத் தொடல. என் கதை அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு வருஷத்துல பழைய புல்லட்டுக்கு என்ன ஆகும்னு கத்துக்கிட்டேன், அதைச் சொல்றேன், வேற யாருக்காவது உதவும்.

முதல்ல ஆயில். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்ல ஆயில் தனி அறையில நிக்கும். மாசக்கணக்குல நின்னா பம்ப் வழியா மெல்லக் கசிஞ்சு எஞ்சின் அடியில இருக்கற கிராங்க் கேஸுக்குள்ள இறங்கிடும். அப்படியே கிக் அடிச்சா பிரீதர் குழாய் வழியா ஆயில் பீச்சும், சைலன்ஸர்ல நீலம் கலந்த வெள்ளைப் புகை. ரிங் போச்சு, போர் பண்ணணும்னு மெக்கானிக் ஆயிரக்கணக்குல செலவு இழுத்துவிடுவான். ஒண்ணும் போயிருக்காது. அடியில டிரெயின் போல்ட்டைக் கழட்டி எல்லாத்தையும் வடிச்சிட்டு, புது 20டபிள்யூ50 ஊத்துங்க. பிளக்கைக் கழட்டி சிலிண்டர்ல ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, அரை மணி கழிச்சு கிக்கரைக் கையால மெல்ல அழுத்திப் பாருங்க. பிஸ்டன் நகர்ந்தா நிம்மதி.

அடுத்தது கிளட்ச். பிளேட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே நாலஞ்சு கிக் அடிச்சாத்தான் விடும். இதைச் செய்யாம கியர் போட்டா கிளட்ச் பிடிச்சிருக்கும்போதே வண்டி பாயும். பாயிண்ட்ல வெள்ளையா பூத்திருக்கும், மெல்லிசு எமரி பேப்பரால ஒரு இழுப்பு. டேங்க்ல துரு இருந்தா சின்னச் சல்லியும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கணும். இப்போ வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது எத்தனால், அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். அதனால ரெண்டு மாசத்துக்கு மேல நிறுத்தறதா இருந்தா பெட்ரோல் டேப்பை மூடிட்டு கார்ப்பரேட்டர்ல இருக்கறதை வடிச்சிடுங்க. ஓட்டேரி தம்பிக்கு வார்னிஷ் நெடி வந்ததும் பெட்ரோல் கெட்டுப்போனதாலதான். ஜெட்டுல கோந்து மாதிரி அடைச்சிருக்கும்.

டயரை மறக்காதீங்க. பக்கத்துல நாலு நம்பர் இருக்கும். 2318னு இருந்தா 2018ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் நகத்தால அழுத்திப் பாருங்க. விரிசல் இருந்தா மாத்துங்க.

கால் விஷயத்துக்கு ஒரு வழி. நல்ல லேத்துக்காரரா பார்த்து, கியர் லீவருக்குப் பின்னாடி குதிகாலால மிதிக்கற மாதிரி ஒரு தகடு வெல்ட் பண்ணச் சொல்லுங்க. பக்கத்துல நியூட்ரலுக்குன்னு இருக்கற தனி லீவர்ல இடிக்காம பார்த்துக்கணும். குதிகாலை அழுத்தினா முன்பக்கம் தானா தூக்கும். உங்களுக்கு ஃபர்ஸ்ட் கிடைச்சிடும்.

காசிமேடு எக்ஸ்எல்:

வியாசை அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அவர் அந்தப் பையனைத் திட்டினதைப் பத்தி எழுதியிருக்கார். நீங்க கிளட்ச் பிளேட்டைப் பத்தி எழுதியிருக்கீங்க. அவருக்கு உறுத்தறது கிளட்ச் இல்லண்ணா.

நான் மீன் வியாபாரம். விடியக்காலை மூணு மணிக்கு ஏலத்துக்குப் போகணும், எக்ஸ்எல் இல்லாம ஒரு நாளும் ஆகாது. மார்புல கட்டி, ஆபரேஷன், கீமோ. ஒரு வருஷம் என் தங்கச்சிதான் யாவாரம் பார்த்தா. ஆனா அவ வண்டி ஓட்ட மாட்டா, ஷேர் ஆட்டோதான். எக்ஸ்எல் கடல் காத்துல நின்னு ரிம்மு பூராவும் துரு. மெக்கானிக் தம்பி கேபிளை உருவிக் காட்டினான், உள்ள கம்பி செங்கல் பொடி மாதிரி உதிர்ந்துச்சு. ரெண்டு பிரேக் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும் புதுசு போட்டேன்.

வண்டி சரியாயிடுச்சு. நான் சரியாகல, அது எனக்குத் தெரியல. கீமோ மருந்து சில பேருக்கு விரல் நுனியை மரக்க வச்சிடும். புடவை கொசுவம் பிடிக்க முடியாது, நாணயம் எண்ண முடியாது. வண்டி ஓட்ட என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன்.

மூணாவது நாள், எக்ஸ்பிரஸ் ரோடு. பின்னாடி கன்டெய்னர் லாரி வரிசை. முன்னாடி ஒரு டெம்போ நின்னுச்சு. நான் பிரேக் பிடிச்சேன். பிடிச்சேனா இல்லையான்னு எனக்குத் தெரியல. கைக்கு ஒண்ணுமே வரல. தலையைக் குனிஞ்சு என் கையைப் பார்க்கறேன், விரல் லீவர் மேல இருக்குதான்னு. இருந்துச்சு, ஆனா அழுத்தல. அப்புறம்தான் அழுத்தினேன். டெம்போவுக்கும் எனக்கும் ஒரு சாண்.

அந்த ஒரு நிமிஷம் என் விரலை நான் வேற யாரோட விரலோ மாதிரி பார்த்தேன். அதுதான் போக மாட்டேங்குது.

அன்னிக்கு யாராவது பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடி வந்திருந்தா நான் அழுதிருப்பேன். தண்டையார்பேட்டை தம்பி, அந்தப் பையனைத் தேடிப் பிடிங்க. எட்டு மாசம் ஒண்ணும் பெரிசில்ல.

நான் அப்புறம் ஆறு மாசம் கழிச்சுத்தான் எடுத்தேன். இப்பவும் குளிர்காலத்துல விடியக்காலை விரல் மரக்குது. அன்னிக்கு ஆட்டோவுல போறேன்.

பெரம்பூர்க்காரன்:

அனுபவம் சின்னது, எச்சரிக்கைதான் பெரிசு. முதுகெலும்பு ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு என் பழைய சுசுகியை எடுத்தேன். வண்டி ஜம்முனு ஓடுச்சு. மூலக்கடையில போலீஸ் மடக்கினாங்க. பேப்பரைப் பார்த்தா இன்சூரன்ஸ் செத்து 20 மாசம், ஆர்.சி. 15 வருஷக் கெடு முடிஞ்சு ஏழு மாசம். ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்னு சொல்லி அந்தப் பெரிய தழும்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அந்த சப்-இன்ஸ்பெக்டர் என் சட்டையை அவர் கையாலயே இறக்கிவிட்டுட்டு, "ரோட்ல இதெல்லாம் காட்டாதீங்க சார், வண்டியைத் தள்ளிக்கிட்டே வீட்டுக்குப் போங்க"ன்னார். அபராதம் போடல. ஆனா முதுகு ஆபரேஷன் பண்ணவன் மூலக்கடையில இருந்து பெரம்பூருக்கு வண்டி தள்ள முடியாது. அவரே ஒரு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு பின்னாடி இருந்து காலால தள்ளச் சொன்னார்.

அதனால மெக்கானிக்கிட்ட விடறதுக்கு முன்னாடியே பேப்பரைப் பாருங்க. இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினா முதல் தடவைக்கே 2000 ரூபாய். 90 நாளுக்கு மேல விட்டுட்டா நோ கிளெய்ம் போனஸ், அதான் கிளெய்ம் பண்ணாததுக்குக் கிடைக்கற தள்ளுபடி, போச்சு. லைசென்ஸ் தேதியும் பாருங்க, 40 வயசுக்கு மேல புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து போட்ட ஃபார்ம் 1ஏ வேணும். அந்த டாக்டர்கிட்ட நோயை மறைக்காதீங்க. காசிமேடு அக்கா எழுதினதைப் படிச்சப்புறம் இதைச் சொல்லணும்னு தோணுச்சு.

தண்டையார்பேட்டை புல்லட்:

எல்லாருக்கும் நன்றி. வியாசை அண்ணா, தகடு வெல்ட் பண்ணிட்டேன். நியூட்ரல் லீவர்ல முதல்ல இடிச்சது, அரை இஞ்ச் வெளிய தள்ளி வச்சுக் குடுத்தார் லேத்துக்காரர். நேத்து முதல் தடவையா ஃபர்ஸ்ட் விழுந்துச்சு, டக்குனு அந்தச் சத்தத்தோட.

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு மேஸ்திரிகிட்டப் போய்க் கேட்டேன். அன்னிக்கு அவர்தான் பிடிச்சுக்கிட்டு ஓடச் சொன்னாரான்னு கேட்டேன். "நான் சொல்லல சார். அவனா ஓடினான்"னார். இப்போ மணலியில லாரி பட்டறை ஒண்ணுல இருக்கானாம். பேரு சொன்னார், இடம் சரியா தெரியல, எம்.எஃப்.எல். உரத் தொழிற்சாலை தாண்டின்னார்.

ஞாயித்துக்கிழமை போகப்போறேன். இந்த வண்டியிலதான் போகணும்னு இருக்கேன். அந்த ரோட்ல ஞாயித்துக்கிழமை டிரெய்லர் எப்படி இருக்கும், யாராவது தினம் போறவங்க சொல்லுங்க. சிக்னல்ல இடது காலை ஊணிப் பழகிட்டேன்.

வியாசை பழைய ஆளு:

ஆறு மணிக்கு முன்னாடி கிளம்புங்க தம்பி, ரோடு காலியா இருக்கும். ஓரத்துல மண்ணு கிடக்கும், பிரேக் பார்த்துப் பிடிங்க. துணைக்கு ஆள் வேணும்னா நான் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன். பின்னாடியே என் வண்டியில வர்றேன்.