சபரிமலை இருமுடியில் சூடம், பன்னீர் வேண்டாம் என்கிறார் குருசாமி. எது கட்டாயம்?

கன்னிசாமியின் அக்கா:
சாமி சரணம். தம்பி முதல் தடவையாக மாலை போட்டிருக்கிறான், அடுத்த வாரம் கட்டு நிறை, அதாவது இருமுடி கட்டும் சடங்கு. கடையில் இருமுடி சாமான் என்று கேட்டதும் ஒரே பையாகக் கொடுத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் சூடம், ஊதுபத்தி, பன்னீர் பாட்டில், மஞ்சள்தூள், கற்கண்டு எல்லாம் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பாக்கெட்டில். பாதியை எடுத்து வையுங்கள் என்கிறார் குருசாமி. அம்மாவுக்கு மனசே ஆறவில்லை, அப்பா மலைக்குப் போன காலத்தில் சூடம் இல்லாமல் முடி கட்டியதே இல்லையாம். எதை விடலாம், எதை விடக்கூடாது?

இருபத்திரண்டாம் வருஷ சாமி:
உங்கள் குருசாமி சொல்வது சரிதான் அம்மா. கோயிலின் தலைமைக் குருவான தந்திரி சொன்னதன் பேரில் 2024-லேயே தேவசம் போர்டு சூடம், ஊதுபத்தி, பன்னீர் மூன்றும் இருமுடியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சன்னிதானத்தில் நாம் அவற்றை ஏற்ற முடியாது, மலை மலையாகக் குவிந்து குப்பைக்குத்தான் போகிறது. பிளாஸ்டிக்கை உயர் நீதிமன்றமே தடை செய்திருக்கிறது. முன்முடியில், அதாவது இருமுடியின் முன்பக்கப் பையில், நெய்த்தேங்காய், பச்சரிசி, வெல்லம், கதலிப்பழம், வெற்றிலை பாக்கு, காணிக்கைக் காசு, அவ்வளவு போதும். பின்முடியில் அரிசி. பெருவழி என்ற பழைய பாதையில் நாள்கணக்கில் காட்டுக்குள் நடந்தவர்கள் வழியில் பொங்கிச் சாப்பிடத்தான் பின்முடி வந்தது, நடக்க நடக்க அது இளைக்கும், சாமிக்கு உரியது மட்டும் குறையாமல் மேலே போய்ச் சேரும். மாளிகைப்புறத்தம்மனுக்கு மஞ்சள்தூளும் ஐயப்பனின் தோழர் வாவர் சாமிக்கு மிளகும் வைக்க ஆசைப்பட்டால் காகிதத்திலோ துணியிலோ மடித்து வையுங்கள்.

நீலிமலை நடை:
சூடத்தை விடுங்கள், தேங்காயை ஒழுங்காகப் பாருங்கள். என் இரண்டாவது வருஷம் நீலிமலை ஏறும்போது கழுத்தெல்லாம் பிசுபிசு என்று இருந்தது, வியர்வை என்றே நினைத்தேன். மேலே போய் முடியைப் பிரித்தால் அரிசி முழுக்க நெய், தேங்காயில் கால்வாசிகூட இல்லை. நாற்பத்தொரு நாள் விரதம் இருந்துவிட்டு அங்கே உட்கார்ந்து அழுதேன். நல்ல முற்றின, கீறல் இல்லாத தேங்காயாக வாங்கி, நாரைச் சுரண்டி வழுவழுப்பாக்கி, மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கும் கண்ணில் மட்டும் துளை போடுங்கள். தண்ணீரை வடித்துக் கவிழ்த்து வைத்து, உள்ளே ஈரம் போனபிறகுதான் நெய். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் சூடு தணிந்த நெய்யை மெதுவாக விடவும். தக்கை இறுக்கமாக இருக்கட்டும், அதற்கு மேல் அப்பளத்தை நனைத்துப் பிசைந்து அப்பிக் காயவிடுங்கள். கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

கன்னிசாமியின் அக்கா:
இவ்வளவு விவரம் யாரும் சொல்லவில்லை, நன்றி சாமி. இன்னொன்று, அவர்கள் வண்டி சாயங்காலம்தான் பம்பைக்குப் போகுமாம். அப்புறம் நெய்யபிஷேகம் கிடைக்குமா?

இருபத்திரண்டாம் வருஷ சாமி:
அன்று கிடைக்காது. நெய்யபிஷேகம் விடியற்காலையில் தொடங்கி உச்சிபூஜைக்கு முன்னால் முடிந்துவிடும். ராத்திரி மேலே தங்கிக் காலையில் கொடுப்பதுதான் நல்லது, கன்னிசாமிக்கு அந்த ஒரு ராத்திரி வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தங்க முடியாவிட்டால் தேவசம் கவுண்டரில் ஆடிய சிஷ்டம் நெய், அதாவது ஏற்கெனவே அபிஷேகமான நெய், வாங்கி வரலாம். தேங்காயை உடைத்து நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மூடியைப் பதினெட்டாம் படிக்குக் கீழே இருக்கும் ஆழி என்ற நெருப்புக் குண்டத்தில் போடச் சொல்லுங்கள். நெய் நம் உயிர், ஓடு இந்த உடம்பு என்று எங்கள் குருசாமி சொல்லிக் கொடுத்தார். அந்த மூடி படபடவென்று பிடித்து எரியும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அவசரப்பட்டு நகர வேண்டாம். சூடத்தை அம்மாவே கட்டு நிறை அன்று வீட்டில் ஏற்றலாமே, முதல் கைப்பிடி அரிசியும் அவர் கையால் போடட்டும்.

கன்னிசாமியின் அக்கா:
அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பன்னீரையும் ஊதுபத்தியையும் பூஜை அறைக்கு எடுத்துப் போய்விட்டார். இப்போது அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சள்தூளுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். சாமி சரணம்.