தையல் துணி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

தையலும் எம்பிராய்டரியும் 6 ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. இப்போது தைப்பதைவிட வாங்கிச் சேர்ப்பது கூடிவிட்டது. ஓர் அலமாரியும் 7 பிளாஸ்டிக் பெட்டிகளும் நிறையத் துணி. அப்புறம் லேஸ், பட்டன், ஜிப், நூல்கண்டு எல்லாம் தனி. போன மாதம் அடியில் இருந்த பெட்டியைத் திறந்தால், பருத்தித் துணிகளின் மடிப்பில் மஞ்சள் கோடு. எலாஸ்டிக் இழுவை போய்க் கிடந்தது. மனம் ஆறவில்லை, ஒவ்வொன்றும் ஆசைப்பட்டு எடுத்தது.

நிறவாரியாக அடுக்கிப் பார்த்தேன், ஒரே வாரத்தில் கலைந்துவிட்டது. 3 மாதம் எதுவும் வாங்காமல் இருந்தேன். நான்காம் மாதம் மறுபடி வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றையும் அளந்து நோட்டில் எழுதியது மட்டும் உதவியது. ஏறக்குறைய ஒரே மாதிரி நீலப் பூப்போட்ட துணியை நான்கு முறை வாங்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

2 மீட்டருக்கு மேல் இருப்பவற்றில் சிக்கல் இல்லை, சட்டையோ பாவாடையோ ஆகிவிடும். அரை மீட்டருக்கும் குறைந்த துண்டுகள்தான் பாதிப் பெட்டிகளை அடைத்திருக்கின்றன. ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஆகும் என்று எடுத்து வைத்தவை. இதுவரை ஒரு போர்வைகூடத் தைக்கவில்லை.

இந்தச் சின்னத் துண்டுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?