1.10.0-க்கு மாறியவர்களுக்கு லைப்ரரி காலியாகத் திறக்கிறது, உதவி தேவை

வீட்டுப்படம்:

வணக்கம். வீட்டில் எடுத்த வீடியோக்களை அடுக்கி வைக்க ஒரு சின்ன டெஸ்க்டாப் நிரல் எழுதி, சில வருடங்களாக இலவசமாகக் கொடுத்து வருகிறேன். பைதானில் எழுதியது. பைஇன்ஸ்டாலரில் (பைதான் நிரலை எக்ஸியாக்கும் கருவி) பேக் செய்து, விண்டோஸுக்கு ஒரு ஸிப் கோப்பாகத் தருகிறேன். ஸிப்பைப் பிரித்து எக்ஸியை இயக்கினால் போதும், இன்ஸ்டாலர் கிடையாது. வீடியோக்களை நிரல் தொடுவதே இல்லை. எந்த வீடியோவில் யார் இருக்கிறார்கள், என்ன விசேஷம் என்று பயனர் எழுதும் குறிப்புகள் மட்டும் லைப்ரரி.டிபி என்ற எஸ்க்யூலைட் கோப்பில் (ஒரே கோப்பாக இருக்கும் டேட்டாபேஸ்) சேரும்.

போன வாரம் 1.9.0-க்கு அடுத்து 1.10.0 வெளியிட்டேன். இரண்டு சிக்கல்.

1.9.0 வைத்திருப்பவர்களுக்கு "புதிய பதிப்பு வந்திருக்கிறது" என்ற அறிவிப்பே வரவில்லை. சர்வரில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டேன், 1.10.0 என்றுதான் இருக்கிறது.

அடுத்ததுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. தாங்களாகவே டவுன்லோட் செய்து, பழைய ஃபோல்டர் மேலேயே பிரித்தவர்களுக்கு லைப்ரரி காலியாகத் திறக்கிறது. ஒரு பயனர் நான்கு வருடமாக மகளின் வீடியோ ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வந்திருக்கிறார். "முதல் முறை தானாக எழுந்து நின்றாள், பாட்டி கை தட்டுகிறார்" என்பது போல. பாட்டி இப்போது இல்லை. அந்த வரிகளை அவர் மறுபடி எங்கிருந்து எழுதுவார்?

என் கணினியில் எல்லாம் சரியாக ஓடுகிறது. டேட்டாபேஸை அழிக்கும் வரி என் நிரலில் எங்குமே இல்லை. ஸிப்புக்குள்ளும் லைப்ரரி.டிபி இல்லை, திறந்து பார்த்துவிட்டேன். எங்கே தேடுவது?

இரவுநிரலர்:

காரணத்தை அப்புறம் தேடலாம் தோழர். முதலில் 1.10.0-ஐ டவுன்லோடிலிருந்து எடுத்துவிட்டு 1.9.0-ஐ மறுபடி வையுங்கள். சர்வரில் இருக்கும் பதிப்பு எண்ணையும் பழையபடி மாற்றுங்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்றைக்கே எழுதுங்கள்: நிரலை மூடுங்கள், எதையும் அழிக்காதீர்கள், மறுபடி எதையும் பிரிக்காதீர்கள், ஃபோல்டரை முழுதாக வேறோர் இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். டிபி கோப்பை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டாம். எஸ்க்யூலைட்டின் டபிள்யூஏஎல் முறையை (புது மாற்றங்களை முதலில் ஒரு தனிக் கோப்பில் எழுதும் முறை) இயக்கியிருந்தால், கடைசியாக எழுதியவை பக்கத்தில் அதே பெயரில் டபிள்யூஏஎல் என்று முடியும் கோப்பில் தங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு டிபியை மட்டும் காப்பி எடுத்தால் அந்தக் குறிப்புகள் காப்பியில் இருக்காது. பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரித்தவர்கள் இருந்தால், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யாமல் அதற்குள் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது கேள்வி. டிபி எங்கே இருக்கிறது என்று நிரல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பேக் செய்யும் முறையில் ஏதாவது மாறியதா? உங்கள் கணினியில் ஓடுகிறது என்றீர்களே, அது பேக் செய்த எக்ஸியா, இல்லை பைதான் கோப்பையே நேராக ஓட்டினீர்களா?

வீட்டுப்படம்:

டவுன்லோடை எடுத்துவிட்டேன், எல்லோருக்கும் எழுதியும் விட்டேன். டபிள்யூஏஎல் முறையில்தான் இருக்கிறது, நல்லவேளை சொன்னீர்கள்.

பைதான் கோப்பைத்தான் நேராக ஓட்டினேன். பேக் செய்த எக்ஸியை ஒரு காலி ஃபோல்டரில் மட்டும் திறந்து பார்த்தேன். லைப்ரரி காலியாக இருந்தது, அது இயல்புதானே என்று விட்டுவிட்டேன்.

ஓடும் பைதான் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அண்டர்ஸ்கோர் ஃபைல் (__file__) என்ற மாறி இருக்கிறதல்லவா, அது காட்டும் ஃபோல்டரில்தான் லைப்ரரி.டிபியைத் தேடுவேன். இல்லையென்றால் புதிதாக ஒன்றை உருவாக்குவேன். பேக் செய்யும் முறையில் எதையும் மாற்றவில்லை. லேப்டாப்தான் மாறியது. அதனால் பைஇன்ஸ்டாலரைப் புதிதாகப் போட்டேன். முன்பு 5-ஆம் வரிசை, இப்போது 6.

கோப்புக்காரர்:

அதுதான் காரணம். 2023-இல் வந்த பைஇன்ஸ்டாலர் 6.0 ஃபோல்டர் அமைப்பையே மாற்றிவிட்டது. அதுவரை எக்ஸியும் மற்ற கோப்புகளும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடக்கும். 6.0 முதல் எக்ஸி மட்டும் மேலே இருக்கும், மீதி எல்லாம் _இன்டர்னல் என்ற உள் ஃபோல்டருக்குள் போய்விடும். அண்டர்ஸ்கோர் ஃபைலும் அந்த உள் ஃபோல்டரைத்தான் காட்டும்.

ஆக 1.10.0 உள்ளே போய்த் தேடியிருக்கிறது. அங்கே டிபி இல்லை. "இல்லையென்றால் உருவாக்கு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உருவாக்கிவிட்டது. பழைய டிபியை யாரும் தொடவில்லை. எக்ஸிக்குப் பக்கத்தில் அப்படியே இருக்க வேண்டும். அந்தப் பயனரிடம் ஃபோல்டருக்குள் லைப்ரரி என்று தேடி, எத்தனை கோப்பு வருகிறது, அளவு என்ன, தேதி என்ன என்று கேளுங்கள்.

வீட்டுப்படம்:

இரண்டு வந்தது! அவர் அனுப்பிய படம் என் முன்னால் இருக்கிறது. மேலே ஒன்று 6.2 எம்பி, அப்டேட் செய்வதற்கு முந்தைய நாள் தேதி. _இன்டர்னலுக்குள் இன்னொன்று 60 கேபி, நேற்றைய தேதி. தொலைபேசியில் பேசிவிட்டேன், அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. இருவருக்கும் மிக்க நன்றி.

ஆனால் அவர் காலி லைப்ரரியைப் பார்த்து மனம் உடைந்து, புதிதாக 31 வீடியோவுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். பழையதை உள்ளே காப்பி செய்தால் இது போய்விடும். இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது?

கோப்புக்காரர்:

எஸ்க்யூலைட்டில் அட்டாச் கட்டளை கொடுத்து இரண்டு டேட்டாபேஸையும் ஒரே இணைப்பில் திறக்கலாம். புதியதில் இருக்கும் வரிசைகளைப் பழையதில் சேர்த்துவிடலாம். ஐடி எண்ணை வைத்துச் சேர்த்தால் மட்டும் கெட்டுவிடும். பழையதில் 5 என்பது ஒரு பிறந்தநாள் வீடியோ, புதியதில் 5 என்பது வேறு ஏதோ. இரண்டு டேட்டாபேஸும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியவை.

பாதையை வைத்துச் சேர்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வெளி ஹார்டு டிஸ்க்கில் வீடியோ வைத்திருப்பவர்களுக்கு இன்று இ டிரைவ், நாளை எஃப் டிரைவ் என்று எழுத்து மாறும். வீடியோவின் மொத்த அளவு, முதல் ஒரு எம்பி, கடைசி ஒரு எம்பி, இந்த மூன்றையும் சேர்த்து ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுங்கள். வீட்டு வீடியோ நாலைந்து ஜிபி கூட இருக்கும், முழுதையும் படிக்கத் தேவையில்லை. அதையே வீடியோவின் அடையாளமாக வையுங்கள். ஒரே வீடியோவுக்கு இரண்டிலும் குறிப்பு இருந்தால் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். எதை விடுவது என்று பயனர் பார்த்து முடிவு செய்யட்டும்.

அரைப்புள்ளி:

அறிவிப்பு வராத சிக்கலை யாரும் தொடவில்லையே. பதிப்பு எண்களை எண்களாக இல்லாமல் சரங்களாக (எழுத்துத் தொடர்களாக) ஒப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். "1.10.0", "1.9.0" இரண்டையும் எழுத்து எழுத்தாகப் பார்த்தால் மூன்றாவது இடத்தில் 1-ம் 9-ம் வரும். 9 பெரிது, அதனால் 1.9.0-தான் புதியது என்று நிரல் முடிவு கட்டிவிடும். 1.8-லிருந்து 1.9 வரை இது வெளியே தெரியாது.

புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணாக்கி ஒப்பிடுங்கள். ஆனால் பயனர்கள் கையில் இருக்கும் 1.9.0-ஐ உங்களால் திருத்த முடியாது. அதனால் அடுத்ததை 1.9.1 என்று வெளியிடுங்கள், பழைய நிரலுக்கும் அது பெரிதாகத் தெரியும்.

இரவுநிரலர்:

காரணம் சரி, ஆனால் 1.9.1 வேண்டாம். 1.10.0 ஏற்கெனவே சிலர் கையில் இருக்கிறது, அதிலும் அதே சர ஒப்பீடுதான். அதற்கு 1.9.1 தன்னைவிடப் புதியதாகத் தெரியும், அது பரவாயில்லை. ஆனால் திருத்திய ஒப்பீட்டோடு 1.9.1 வந்ததும் 1.10.0-ஐப் பெரிதென்று சொல்லும். எது முன், எது பின் என்று பயனருக்குப் புரியவே புரியாது.

2.0.0 என்று வையுங்கள். எழுத்தாகப் பார்த்தாலும் எண்ணாகப் பார்த்தாலும் 1.9.0, 1.10.0 இரண்டையும்விட அது பெரிது.

அரைப்புள்ளி:

ஆமாம், 1.10.0 வெளியே போய்விட்டதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். 2.0.0-தான் சரி.

வீட்டுப்படம்:

சர ஒப்பீடுதான், பார்த்துவிட்டேன். 2.0.0-க்கு இறங்குகிறேன். டிபியை எக்ஸி இருக்கும் ஃபோல்டரில் தேடும்படி மாற்றினால் போதுமா?

இரவுநிரலர்:

போதாது. நிரலும் பயனரின் குறிப்புகளும் ஒரே ஃபோல்டரில் இருக்கும்வரை ஒவ்வொரு அப்டேட்டும் அந்தக் குறிப்புகள் மேல்தான் நடக்கிறது. நிரல் போனால் இன்னொரு முறை டவுன்லோட் செய்யலாம். நான்கு வருடக் குறிப்பு போனால் போனதுதான். 2.0.0-இல் டிபியை விண்டோஸின் லோக்கல் ஆப்டேட்டாவுக்குக் (நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் ஃபோல்டர்) கொண்டுபோங்கள். பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற பைதான் தொகுப்பு மேக், லினக்ஸிலும் சரியான இடத்தைச் சொல்லும்.

முதல் முறை திறக்கும்போது எக்ஸி ஃபோல்டர், _இன்டர்னல் இரண்டிலும் பழைய டிபி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காப்பி எடுங்கள், நகர்த்தாதீர்கள். பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பைதானின் எஸ்க்யூலைட் இணைப்பில் பேக்கப் என்ற மெத்தட் இருக்கிறது (3.7 முதல்), அது டபிள்யூஏஎல்லில் இருப்பதையும் சேர்த்தே எடுத்துவிடும். புது ஃபோல்டரில் பிரித்தவர்களுக்கு "பழைய லைப்ரரியைக் காட்டு" என்று ஒரு பட்டன் வேண்டும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் காலி டிபி உருவாக்காதீர்கள். "புதிதாகத் தொடங்குகிறீர்களா, ஏற்கெனவே லைப்ரரி இருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி இருந்திருந்தால் போன வாரம் யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

கோப்புக்காரர்:

ஹாஷுக்காக டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்கப் போகிறீர்கள் அல்லவா? பிராக்மா யூசர்_வெர்ஷன் என்று டேட்டாபேஸுக்குள்ளேயே ஓர் எண் இருக்கிறது, நீங்கள் தொடாதவரை 0. அமைப்பு மாறும்போதெல்லாம் அதை ஒன்று ஏற்றுங்கள். நிரலுக்குத் தெரிந்ததைவிடப் பெரிய எண் இருந்தால் எழுத மறுத்துவிடட்டும், யாராவது பழைய எக்ஸியைத் திறந்தாலும் கெடாது.

நான் மாட்டிக்கொண்ட ஓர் இடம் சொல்கிறேன். மாற்றங்களை எக்சிக்யூட்ஸ்கிரிப்ட் (பல கட்டளைகளை ஒரேயடியாக ஓட்டும் பைதான் மெத்தட்) வழியாக ஓட்டாதீர்கள். வழக்கமான அமைப்பில், நிலுவையில் டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் ரத்தாக வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) இருந்தால் முதலில் அதைக் கமிட் செய்து, அதாவது உறுதியாக்கிவிட்டுத்தான் அது தன் வேலையைத் தொடங்கும். பாதியில் பிழை வந்தால் திரும்ப வழியில்லை. பிகின் என்று நீங்களே கொடுத்து, ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி, கடைசியில் கமிட் செய்யுங்கள். எஸ்க்யூலைட்டில் நெடுவரிசை சேர்ப்பதும் ரோல்பேக்குக்கு (மாற்றங்களை ரத்து செய்வதற்கு) கட்டுப்படும்.

சோதனையையும் காலி ஃபோல்டரில் செய்யாதீர்கள். 1.9.0 ஸிப்பைப் பிரித்து, பத்து வீடியோவுக்குக் குறிப்பு எழுதி, அதன் மேல் 2.0.0-ஐப் பிரியுங்கள். 1.10.0-க்கும் அப்படியே. நிரல் திறந்திருக்கும்போதே பிரித்தும் பாருங்கள்: ஓடும் எக்ஸியின் மேல் எழுத விண்டோஸ் விடாது, அதைத் தவிர்த்துவிட்டு மீதியை மட்டும் பிரித்தால் பாதி பழசு, பாதி புதுசாக நிற்கும்.

அரைப்புள்ளி:

ஒன்று மட்டும். எக்ஸிக்கு டிஜிட்டல் கையொப்பம் இல்லையென்றால், விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீனுக்கு ஒவ்வொரு பதிப்பும் அறிமுகமில்லாத புதுக் கோப்புதான். ஏற்கெனவே பயந்திருப்பவர்கள் நீல எச்சரிக்கையைப் பார்த்தால் இன்னும் பயப்படுவார்கள். அது வரலாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள், டவுன்லோட் செய்த கோப்பு அசல்தானா என்று சரிபார்க்க ஸிப்பின் ஷா-256 ஹாஷ் எண்ணையும் பக்கத்தில் போடுங்கள்.

வீட்டுப்படம்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன மூன்று வகையிலும் சோதித்தேன். திறந்திருக்கும்போது பிரித்ததில் கோப்புக்காரர் சொன்னபடியே பாதி பழசாக நின்றது, அதனால் "முதலில் நிரலை மூடுங்கள்" என்பதை டவுன்லோட் பக்கத்தின் முதல் வரியாகப் போட்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் அறிவிப்பு போகும் முன் பாதிக்கப்பட்ட மூன்று பேருக்கு மட்டும் 2.0.0 அனுப்பினேன். ஒருவர் பழைய ஃபோல்டரை அழித்திருந்தார், ரீசைக்கிள் பின்னில் கிடைத்தது. மூவருக்கும் லைப்ரரி திரும்பிவிட்டது. அந்த அம்மாவுக்கு 31 குறிப்புகளும் பழையவற்றோடு சேர்ந்தன. நான்கு வீடியோவுக்கு மட்டும் இரண்டு குறிப்பு வந்தது. மகள் எழுந்து நிற்கும் வீடியோவும் அதில் ஒன்று. இரண்டாம் முறை எழுதும்போது பாட்டி என்ன புடவை கட்டியிருந்தார் என்பதையும் எழுதியிருக்கிறார். இரண்டையுமே வைத்துக்கொள்கிறேன் என்றார்.

நேற்று இரவு எல்லோருக்கும் அறிவிப்பைத் திறந்துவிட்டேன். 1.9.0-இல் அறிவிப்பு வருகிறது.