சுன்னாகம் கிணறுகள்: பழைய நோட்டீஸ் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. வாளியில் எண்ணெய்ப் படலம் மிதந்த படங்களும் பேப்பர்ச் செய்திகளும் இல்லாவிட்டால் விசயம் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது என் சந்தேகம்.

எங்கள் வாசிகசாலையில் இதைப்பற்றிச் சின்னக் கண்காட்சி வைக்கிறோம். அந்த நேரத்துத் துண்டுப்பிரசுரம், பத்திரிகை நறுக்கு, பவுசரில் தண்ணி பிடித்த படம் இருந்தால் தாருங்கள். ஸ்கேன் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம்.

இன்னொன்று. ஒரு பெரிய திட்டம் தொடங்க முன் அது சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று சொல்கிற சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குச் சனமும் 30 நாளுக்குள் கருத்து அனுப்பலாம். பத்திரிகையில் அறிவித்தலும் வரும். மரண அறிவித்தல் பார்க்கிற கவனத்தோடு அதை யார் பார்க்கிறார்கள்? அப்படி அனுப்பியவர்கள் கடித மாதிரி ஒன்று போடுவீர்களா? தமிழில் என்றால் இன்னும் நல்லது.