ஜிசிசியை அழிச்சுப் போட்டா சரியாகுமா?

அல்சூர்வாசி: ஜிசிசிங்கிறது சி நிரலை ஓடுற நிரலா மாத்துற கம்பைலர். கட்டுறதுக்கு முன்னாடி கணினியைச் சோதிக்கிற ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட் பாதியில நிக்குதுன்னு நம்ம பெங்களூர் குழுவுல ஒரு பையன் கேட்டான். அதுக்கு மறவன் நேத்து சொன்னது இது: “கான்ஃபிகர் ‘சி கம்பைலர் கெனாட் கிரியேட் எக்ஸிகியூட்டபிள்ஸ்’னு நின்னா ஜிசிசி கெட்டுப்போச்சு, அழிச்சிட்டு மறுபடி போடுங்க.” தப்பு. உபுண்டு 24.04 கன்டெய்னர்ல --நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்ங்கிற கொடியை (பரிந்துரைக்கிற கூடுதல் பொட்டலங்கள் வேண்டாம்னு சொல்ற ஃப்ளாக்) கொடுத்து ஜிசிசி போட்டா, சி நிரலைக் கட்டி முடிக்கத் தேவையான லிப்சி6-டெவ் பொட்டலம் வராது. கான்ஃபிகர் எழுதிவைக்கிற கான்ஃபிக்.லாக் கோப்போட கடைசியில ‘எக்ஸிட் 77’ இருக்கும். அங்கிருந்து மேல போங்க, ‘எல்டி: கெனாட் ஃபைண்ட் எஸ்சிஆர்டி1.ஓ’ன்னு நிக்கும். எல்டிங்கிறது துண்டுகளை இணைச்சு ஓடுற நிரலாக்குற லிங்கர்; அது தேடுற அந்தத் தொடக்கக் கோப்பு லிப்சி6-டெவ்லதான் இருக்கு. லிப்சி6-டெவ்வையும் கூட்டிட்டு வர்ற பில்ட்-எசென்ஷியல் பொட்டலத்தைப் போட்டா தீர்ந்துடும்.

மாரத்தஹள்ளி மறவன்: கேட்ட பையனுக்கு அழிச்சுப் போட்டதும் சரியாச்சே. படிக்காமலே வந்துட்டீங்களா?

அல்சூர்வாசி: படிச்சேன். ரெண்டு கமாண்டையும் ஒட்டியிருக்கான். ரெண்டாவதுல அந்தக் கொடியை விட்டுட்டான், லிப்சி6-டெவ் கூடவே வந்துடுச்சு. கொடியோட நூறு தடவை அழிச்சுப் போட்டாலும் அதே 77தான்.

மாரத்தஹள்ளி மறவன்: சரியாச்சா, இல்லையா? சரியாச்சு.

சிவாஜிநகர் செல்வி: ஜிசிசி --வெர்ஷன் 13.2ன்னு ஒழுங்கா காட்டுதே அண்ணா?

அல்சூர்வாசி: --வெர்ஷன் லிங்கரைத் தொடவே தொடாதும்மா. லிங்க் பண்ணாம கம்பைல் மட்டும் பண்ற ஜிசிசி -சி கூட ஓடிடும். கான்ஃபிகர் எழுதுற கான்ஃப்டெஸ்ட்.சி-ல முதல்ல வெறும் மெயின்தான், ஹெடரே கிடையாது. ஆப்ஜெக்ட் கோப்பு வந்துடும், லிங்க் பண்ணும்போதுதான் விழும். வெறும் மெயினை டி.சி-ல எழுதி, -சி இல்லாம ‘ஜிசிசி டி.சி’ ஓட்டிப் பாரு. ஆல்பைன் லினக்ஸ்லயும் இதே கதை, அங்க லிப்சி6-டெவ்வுக்குப் பதிலா மஸ்ல்-டெவ் வேணும்.

ஃபெடோரா பித்தன்: எங்க ஃபெடோரா லினக்ஸ்ல ஜிசிசி போட்டாலே கிளிப்சி-டெவல் (உங்க லிப்சி6-டெவ் மாதிரி) கட்டாயமா வரும். அதை ரெக்கமெண்ட்ஸ்ல தள்ளிவிட்டது உபுண்டுக்காரங்க தப்பு.

அல்சூர்வாசி: சி-யோட அடிப்படை நூலகமான லிப்சியே இல்லாம மைக்ரோகன்ட்ரோலருக்குக் கட்டுறவனுக்கு அது எதுக்கு? உபுண்டுக்கு மூலமான டெபியன் செஞ்சதுதான் சரி.

ஃபெடோரா பித்தன்: அவனுக்கு ஏஆர்எம் கம்பைலர் தனிப் பொட்டலமா வருது. அவன் பேரைச் சொல்லி எல்லாரையும் ஏன் அலைய விடறீங்க?

மாரத்தஹள்ளி மறவன்: போன மாசம் சிமேக்குக்கு (அது வேற ஒரு பில்ட் கருவி) பழைய கேச்சைத் தூக்கிப்போடுற --ஃப்ரெஷ் கொடியைப் போடச் சொன்ன ஆள்தானே இவர்? உபுண்டு 22.04-ல இருக்கிறது சிமேக் 3.22. அந்தக் கொடி 3.24-லதான் வந்துச்சு.

அல்சூர்வாசி: கொடி இல்லன்னா சிமேக்கேச்.டெக்ஸ்ட், சிமேக்ஃபைல்ஸ் ரெண்டையும் கையால அழிங்கன்னு அடுத்த வரியிலயே எழுதியிருந்தேன். அதை மட்டும் மறந்துடுவீங்க. எந்தக் கம்பைலர்னு சொல்ற சிசி மாறியை மாத்தி எக்ஸ்போர்ட் பண்ணிட்டு அதே பில்ட் அடைவுல சிமேக் ஓட்டினா, கேச்-ல இருக்கிற பழைய கம்பைலரையே எடுத்துக்கும். அதுக்குச் சொன்னது அது. எஸ்சிஆர்டி1.ஓ-வுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

மாரத்தஹள்ளி மறவன்: சம்பந்தம் இருக்கு. நீங்களும் ‘அழி’ன்னுதான் சொன்னீங்க. நான் சொன்னா மட்டும் தப்பா?

அல்சூர்வாசி: எதை அழிக்கணும்கிறதுதான் கேள்வியே! என்னென்ன பொட்டலம் போட்டோம்னு பதிவாகிற /வார்/லாக்/ஏபிடி/ஹிஸ்டரி.லாக்-ஐ அந்தப் பையனை ஒட்டச் சொல்லுங்க. ரெண்டாவது தடவை போட்ட பதிவோட இன்ஸ்டால் வரியில லிப்சி6-டெவ் பேர் இருக்கும். நம்பிக்கை வரலன்னா ஞாயித்துக்கிழமை கப்பன் பார்க்குக்கு லேப்டாப்போட வாங்க, கண்ணெதிர்ல 77 வரவச்சுக் காட்டுறேன்.

மாரத்தஹள்ளி மறவன்: வர்றேன். அங்கயும் அழிச்சுத்தான் போடுவேன்.