'அடாப்ஷன்' என்பதற்குக் 'கைக்கொள்ளல்': ஒரு பரிந்துரை

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நடுவண் அரசு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட திறமூல மென்பொருள் (மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருள்) கொள்கையின் ஆங்கிலத் தலைப்பில் வரும் 'அடாப்ஷன்' என்னும் சொல்லுக்கு 'ஏற்பு', 'தழுவல்' என்னும் இரண்டு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே என்றாலும், இந்த இடத்துக்குப் பொருந்தா என்று கருதுகிறேன். 'கைக்கொள்ளல்' என்பது என் பரிந்துரை.

'ஏற்பு' அரசு அலுவலகத்தில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கும் சொல். மேலதிகாரி ஒப்புதல் தருவது ஏற்பளிப்பு. செயல் முடிந்த பிறகு பெறும் ஒப்புதல் பின்னேற்பு. ஆகவே 'திறமூல மென்பொருள் ஏற்பு' என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், மேலே யாரோ ஒப்புதல் அளித்துவிட்டார்கள் என்றுதான் இளநிலை உதவியாளர் அதைப் புரிந்துகொள்வார். தாம் செய்ய வேண்டியது அதில் ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றாது. 'தழுவல்' என்றால் கதையும் நாடகமும்தான் நினைவுக்கு வருகின்றன. மென்பொருளை நம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் 'அடாப்டேஷனுக்கு' அதை விட்டுவைப்பதே முறை. எந்திர மொழிபெயர்ப்பு தரும் 'தத்தெடுப்பு' பற்றிப் பேச வேண்டியதில்லை.

என் பரிந்துரை அகராதியிலிருந்து பிறந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தில் லிப்ரே ஆபீஸ் என்னும் திறமூல அலுவலக மென்பொருளில் பயிற்சி அளிக்கச் சென்றிருந்தேன். கணினிகளில் லினக்ஸ் என்னும் திறமூல இயங்குதளத்தை நிறுவி இரண்டு மாதம் ஆகியிருந்தது; ஆனால் மூலையில் பழைய விண்டோஸ் கணினி ஒன்றை மட்டும் விட்டுவைத்து, எல்லாரும் அதன் முன் வரிசையில் காத்திருந்தார்கள். மூத்த தட்டச்சர் ஒருவர் தம் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினார். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய முறையிலான வானவில் எழுத்துருவில் அடித்தது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடந்தது. அவர் தட்டச்சுப் பொறியில் பயின்று உயர்நிலைத் தேர்வு தேறியவர். 'கெ' எழுதக் கொம்பை முதலில் அடித்துவிட்டுக் ககரத்தை அடிப்பதே அவர் விரல்களுக்குத் தெரியும். நாங்களோ தட்டச்சுப் பொறியினின்று வேறுபட்ட விசையமைப்பு கொண்ட தமிழ்99 விசைப்பலகை ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, 'பழகிக்கொள்ளுங்கள் அம்மா' என்று சொல்லியிருந்தோம். அது எங்கள் தவறு. லினக்ஸில் விசையமைப்புகளைச் சேர்க்க உதவும் ஐபஸ் மென்பொருள் வழியே பழைய தட்டச்சு விசையமைப்பைச் சேர்த்து, பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்து, ந.க. எண், பொருள், பார்வை என்று எல்லாம் அதனதன் இடத்தில் அமைந்த 'செயல்முறைகள்' என்னும் அலுவலக ஆணைக்கான வார்ப்புரு ஒன்றையும் செய்து தந்த பிறகு, அரைப் பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு அவர், "சார், இப்பத்தான் கைக்கு வருது" என்றார்.

அந்தக் கைதான் எனக்கு வேண்டிய சொல்லைத் தந்தது. ஒன்றைக் கைக்கொள்வது என்றால் அதைத் தன் வழக்கமாக ஆக்கிக்கொள்வது. நோன்பையும் நெறியையும் கைக்கொள்வதாக நெடுங்காலமாகவே எழுதி வருகிறோம். அதில் செய்பவர் பயனர். அரசாணை அவருக்காக அதைச் செய்துவிட முடியாது. 2015ஆம் ஆண்டுக் கொள்கை, திறமூல மென்பொருளை விலக்கினால் அதற்கான காரணத்தை ஒப்பந்தப்புள்ளி தருவோர் கூற வேண்டும் என்று கேட்கிறது. அது கொள்முதல் செய்யும் இடத்தில் நிற்கும் விதி. தட்டச்சரின் மேசைவரை வருவதில்லை.

ஆகவே ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கணினிகளை மாற்றும் 'மைக்ரேஷன்' என்பதைப் 'பெயர்வு' என்றும், 'அடாப்ஷன்' என்பதைக் 'கைக்கொள்ளல்' என்றும் பிரித்து வைக்க வேண்டுகிறேன். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. கணினிகளின் எண்ணிக்கை பெயர்வை அளக்கிறது. கைக்கொள்ளலை அது அளப்பதில்லை. பள்ளிகளில் திறமூல மென்பொருளைக் கொண்டுவந்த கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களே தலைமைப் பயிற்றுநர்களாகி மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வெளியிலிருந்து வரும் வல்லுநரைவிட, பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்து தன் வகுப்பின் சிக்கலைச் சொல்லி விளக்குபவரை நம்புவது எளிது. ஆங்கிலத்தில் 'ஏர்லி அடாப்டர்ஸ்' எனப்படும் அத்தகையோரை 'முன்னோடிக் கைக்கொள்வோர்' எனலாம். 'முன்கைக்கொள்வோர்' என்று சுருக்கினால் முன்கை என்னும் உறுப்போடு குழம்பும்.

இச்சொல்லுக்கு எதிர்ச்சொல்லும் இயல்பாகவே அமைந்திருக்கிறது: கைவிடல். மூலையிலிருந்த கணினியின் முன் நின்ற வரிசைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

'மோட்டிவேஷன்' குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஊக்குவிப்பு' என்றதும் அரசு ஊழியருக்கு ஊக்க ஊதியமும் ஊக்கத்தொகையும் நினைவுக்கு வருவதால், அங்கே 'உந்துதல்' என்றே எழுதலாம். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் ஏற்றுக்கொள்வேன்.

'கைக்கொள்ளல்' நீளமான சொல் என்று மறுப்பு வரக்கூடும். 'கைக்கொள்ளல் வீதம்', 'கைக்கொள்ளல் தடைகள்' என்று தொடர்களில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அது இடறவில்லை. கீழுள்ள வரியில் 'ஏற்பு' என்பதையும் மாற்றி வைத்துப் படித்துப் பார்த்து, எது தெளிவாக இருக்கிறது என்று எழுதுங்கள்:

"பெயர்வு முடிந்த அலுவலகங்களில், மூன்று மாதங்களுக்குப் பிறகு கைக்கொள்ளல் எந்த அளவில் உள்ளது என்பதைத் தட்டச்சர்களையே கேட்டு அறிக்கை அனுப்புக."