‘போஷ்’ கப்பலில் வந்த சொல்லா?

கப்பல்காரன்:
போஷ் ஏரியா, போஷ் ஹோட்டல் என்கிறோமே, அந்தச் சொல்லே நம் பக்கம் வந்த கப்பலில் பிறந்ததுதான். வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் இந்தியாவுக்கு வரும்போது இடப்பக்க அறை எடுப்பார்கள், ஊர் திரும்பும்போது வலப்பக்க அறை. செங்கடல் வெயிலுக்குப் பயந்துதான். கப்பலின் இடப்பக்கம் ‘போர்ட்’, வலப்பக்கம் ‘ஸ்டார்போர்டு’. ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து போஷ். பி அண்ட் ஓ என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி டிக்கெட்டிலேயே அப்படி முத்திரை குத்தினார்கள்.

சொல்வேட்டை:
அந்த முத்திரை உள்ள டிக்கெட் ஒன்றைக் காட்டுங்கள் சார். இதுவரை யாரிடமும் சிக்கியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களும் இந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

1918இல் ‘பஞ்ச்’ என்ற ஆங்கில நகைச்சுவை இதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. விமானப்படை அதிகாரி ஒருவன் தன் அம்மாவிடம் ‘போஷாகப் பொழுது போனது’ என்கிறான். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை, ‘அப்படியென்றால் என்னடா?’ என்று கேட்கிறாள். கப்பல் டிக்கெட்டில் இருந்த சொல் என்றால் அந்த வர்க்கத்து அம்மாளுக்குத்தானே முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

கப்பல்காரன்:
டிக்கெட்டை யார் பத்திரப்படுத்தினார்கள்! தெற்கே போகிற கப்பலில் பிற்பகல் வெயில் வலப்பக்கம்தான் அடிக்கும். கணக்கு இடிக்கவில்லையே.

தெருவாசகன்:
வெயில் கணக்கு சரி. அதனால் சொல்லும் அங்கே பிறந்தது என்று ஆகிவிடுமா? 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் கொச்சைப் பேச்சில் ‘போஷ்’ என்றால் அரைப் பென்னி, சில்லறைக் காசு. ஐரோப்பாவின் நாடோடி மக்களான ரோமானிகளின் மொழியில் ‘போஷ்’ என்றால் பாதி. அந்த மக்களின் மூதாதையர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். இந்தியத் தொடர்புதான் வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், கப்பலை விடுங்கள்.

கப்பல்காரன்:
அரைப் பென்னி எப்படி ஐயா பணக்காரத்தனம் ஆகும்? பிச்சைக்காசுக்கும் பங்களாவுக்கும் என்ன சம்பந்தம்?

தெருவாசகன்:
‘துட்டு’ ஆகவில்லையா? டச்சுக்காரர்களின் சின்னச் செப்புக்காசு அது. இன்றைக்குத் துட்டுள்ள பார்ட்டி என்றால் யாரைச் சொல்கிறோம்?

கப்பல்காரன்:
துட்டு இன்னமும் காசுதான், ஆளைக் குறிக்கவில்லை. என்னிடம் டிக்கெட் கேட்டவர்கள், காசு ஆளாக மாறியதற்கு ஓர் ஆதாரம் தாருங்கள்.

சொல்வேட்டை:
1890 வாக்கில் வந்த பரேர், லேலண்ட் இருவரின் ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியைப் பாருங்கள். ‘போஷ்’ என்ற ஒரே சொல்லுக்குக் காசு என்றும் போட்டிருக்கிறது, மினுக்கிக்கொண்டு திரியும் மைனர் என்றும் போட்டிருக்கிறது.